மெக்லமோர் தெருப் பாட்டுக் கொட்டகை – 9: படிக்காமல் போட்ட கையெழுத்து

சென்ற வாரம் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கைக் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழா மேடையில் விட்டுவிட்டு வந்தோம். 1967 ஜூன் 17. சிலுசிலுவென்று தூறல். பச்சை சூட் போட்ட அந்த ஆறடி மனிதர், தன் பேரைக்கூடச் சரியாகக் கேள்விப்பட்டிராத ஒரு வெள்ளைக்கார இளைஞர் கூட்டத்தைச் சில பாட்டுகளிலேயே எழுந்து நிற்க வைத்தார்.

இடையில் சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வரி. மெம்ஃபிஸ் நகரில் பகலில் வங்கி வேலை, ஓய்வில் பிடில் என்று இருந்தவர் ஜிம் ஸ்டூவர்ட். அவர் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனிக்காக அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கினார். 1960-ல் கிழக்கு மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேபிடல் சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். திரை இருந்த மேடை ஒலிப்பதிவுக் கட்டுப்பாட்டு அறையானது. தின்பண்டம் விற்ற இடம் எஸ்டெல்லின் ரெக்கார்டு கடையானது. சரிந்து இறங்கும் தரையைச் சமன்படுத்தக் காசில்லாததால் அதை அப்படியே விட்டார்கள். ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் என்ற இரு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து 'ஸ்டாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

நியூயார்க்கிலிருந்து அட்லான்டிக் ரெக்கார்ட்ஸின் ஜெர்ரி வெக்ஸ்லர் கை கொடுத்தார். மெம்ஃபிஸில் பதிவாகும் பாட்டை நாடு முழுக்க விற்றுத் தருவது அட்லான்டிக்கின் வேலை. அந்த ஏற்பாடு காகிதத்தில் இல்லை, வாய்வார்த்தையில்தான் இருந்தது.

இந்த வாரம் பார்க்கப்போவது 1967 கோடையிலிருந்து 1968 மே மாதம் வரையிலான சில மாதங்கள். ஸ்டாக்ஸ் சரித்திரம் என்றாலே எல்லாரும் அந்த விமான விபத்தைத்தான் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லப்போகிறேன். ஆனால் கொட்டகையின் அஸ்திவாரத்தை ஆட்டியது ஏரியில் விழுந்த விமானம் அல்ல, இரண்டரை வருடமாக அலமாரியில் சும்மா கிடந்த ஒரு பத்திரம் என்பதே என் எண்ணம்.

★

மான்டரேக்குப் பிறகு ஓடிஸ் மறுபடி கலிஃபோர்னியா போனார். சான்ஃபிரான்சிஸ்கோவில் கச்சேரி. தங்கியது வளைகுடாவின் எதிர்க்கரையில், சாசலிட்டோவில், ஒரு படகு வீட்டில்.

ஜார்ஜியா மாநிலத்துச் செம்மண் பூமியில் வளர்ந்தவர் அவர். 1962-ல் மெக்லமோர் தெருவுக்கு வந்தபோது பாடகராக வரவில்லை. ஜானி ஜென்கின்ஸ் என்ற கிடார் கலைஞருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர், பதிவு முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் ஒரு பாட்டுப் பாட வாய்ப்புக் கேட்டுப் பாடினார். அன்றிலிருந்து ஐந்து வருடம் ஓட்டமும் வியர்வையுமாகப் போனது. மேடையில் அவர் நின்று பாடியது குறைவு. காலால் தரையை உதைத்து உதைத்துப் பாடுவார்.

படகு வீட்டில் அந்த ஓட்டம் நின்றது. எதிரே தண்ணீர், வந்துபோகும் படகுகள். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பாட்டில் இப்படியும் செய்யலாமா என்ற கேள்வி அவருக்குள் விழுந்த காலம் அது. கரையில் சும்மா உட்கார்ந்து அலையைப் பார்க்கும் ஒருவனைப் பற்றிச் சில வரிகள் எழுதினார்.

அடுத்து தொண்டை. ஓயாமல் உரத்துப் பாடியதில் குரல்நாணில் சதை வளர்ந்திருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அறுவைசிகிச்சை நடந்தது. வாரக்கணக்கில் பாடக் கூடாது, பேசவும் கூடாது.

குரலை நம்பி வாழ்கிறவருக்கு அந்த வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும்? வீட்டில் மனைவி ஜெல்மா, குழந்தைகள். பழைய குரல் திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. அதே நேரத்தில் லண்டனின் 'மெலடி மேக்கர்' பத்திரிகை வாசகர் வாக்கெடுப்பில் உலகின் முதன்மை ஆண் பாடகர் என்று அவர் பெயர் வந்தது. வருடக்கணக்காக அந்த இடத்தில் இருந்தவர் எல்விஸ் பிரெஸ்லி.

★

நவம்பரில் குரல் திரும்பியது. முன்னைவிடத் தெளிவாக, கொஞ்சம் மென்மையாகத் திரும்பியது. ஓடிஸ் மெக்லமோர் தெருவுக்கு ஓடிவந்தார்.

அடுத்த சில வாரங்களில் அங்கே நடந்தது வெறித்தனமான உழைப்பு. இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிந்து தள்ளினார்கள். யாரோ விரட்டுவதுபோல இருந்தது என்று பின்னால் நினைத்துப் பார்க்கும்போது எல்லாருக்கும் தோன்றுகிறது. அன்று அதைக் குரல் திரும்பிய மகிழ்ச்சியாகத்தான் பார்த்தார்கள்.

நவம்பர் 22. படகு வீட்டில் எழுதத் தொடங்கிய பாட்டை ஓடிஸும் கிடார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் சேர்ந்து முடித்திருந்தார்கள். சரிந்த தரையில் அவரவர் இடத்தில் நின்றார்கள். டிரம்ஸில் ஆல் ஜாக்சன், பேஸில் டக் டன், பியானோவில் புக்கர் டி. ஜோன்ஸ். இரண்டு கறுப்பர், க்ராப்பரோடு சேர்த்து இரண்டு வெள்ளையர். நிறப் பிரிவினை ஊறிய அந்த ஊரில், கொட்டகைக்கு வெளியே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இவர்களுக்கு இடம் அரிது. உள்ளே ஐந்து வருடமாக ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

டேப் ஓடத் தொடங்கியதும் ஓடிஸ் கடல்காகம் மாதிரி கத்திக் காட்டினார். ஸ்டுடியோவில் சிரிப்பு. பாட்டின் முடிவில் வழக்கமாக அவர் கையாளும் தாளக்கட்டான வாய்வீச்சுக்கு இந்தப் பாட்டில் இடமில்லை. அந்த இடத்தில் சீழ்க்கை அடித்தார்.

அந்தச் சீழ்க்கையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அவர் பெரிய சீழ்க்கைக்காரர் அல்ல. வேலை எதுவும் இல்லாத ஒருவன் கரையோரம் நடந்து போகிறபோது உதட்டில் தானாக வருவதுபோல வருகிறது. எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், அந்த இடம் வரும்போது கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

ஜிம் ஸ்டூவர்ட்டுக்குப் பாட்டு ஒட்டவில்லை. இது ஓடிஸ் மாதிரியே இல்லையே என்றார். ஜெல்மாவுக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஓடிஸும் க்ராப்பரும் மட்டும் இதுதான் தாங்கள் தேடிய பாட்டு என்று உறுதியாக இருந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் சில மெருகு வேலைகள் நடந்தன. மீதியைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடிஸ் கச்சேரிக்குக் கிளம்பினார்.

★

உடன் போனவர்கள் பார்-கேஸ். அதிகம் போனால் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். ஸ்டாக்ஸைச் சுற்றிய தெருக்களில் வளர்ந்தவர்கள். டிரம்ஸ் வாசித்த கார்ல் கன்னிங்ஹாம், ஸ்டுடியோவை ஒட்டிய முடிதிருத்தும் கடையில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பையன். அந்த வருடம்தான் 'சோல் ஃபிங்கர்' என்ற இசைத்தட்டு ஓடியது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவர்களை ஓடிஸ் தன் பக்கவாத்தியக் குழுவாக அழைத்துக்கொண்டார்.

ஓடிஸிடம் சொந்தமாக ஒரு பீச்கிராஃப்ட் இரட்டை எஞ்சின் விமானம் இருந்தது. டிசம்பர் 9 கிளீவ்லாந்தில் கச்சேரி. மறுநாள் ஞாயிறு மாலை விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் கச்சேரி. விமானத்தில் எல்லாருக்கும் இடம் இல்லை. பேஸ் கிடார் ஜேம்ஸ் அலெக்சாண்டர் பயணிகள் விமானத்தில் வருவதென்று முடிவானது.

டிசம்பர் 10, பிற்பகல் மூன்றரை மணி. மழை, மூடுபனி. மேடிசன் விமான நிலையம் சில மைல் தூரத்தில். ஓடிஸ் விமானிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். பின்னால் டிரம்பெட் கலைஞர் பென் காலி இருக்கை மெத்தை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏதோ ஓர் உலுக்கலில் காலி விழித்தார். பக்கத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஃபேலன் ஜோன்ஸ் ஜன்னல் வழியே பார்த்து அலறினார். காலி இடுப்புப் பட்டையைக் கழற்றினார். அடுத்து அவருக்கு நினைவு திரும்பியபோது மொனோனா ஏரியின் உறைநிலைத் தண்ணீரில் இருந்தார். கையில் அந்த மெத்தை.

காலிக்கு நீச்சல் தெரியாது. சுற்றிலும் நண்பர்களின் குரல் கேட்டது. உதவி கேட்டு அழைத்தார்கள். அவர்கள் பக்கம் போக முயன்றார், முடியவில்லை. குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மீட்புப் படகு வந்தபோது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர் மட்டும்.

இருக்கையில் கட்டப்பட்டபடியே இருந்த ஓடிஸின் உடலை மறுநாள் எடுத்தார்கள். வயது 26. விபத்துக்கான காரணம் இன்றுவரை தீர்மானமாகவில்லை.

டிசம்பர் 18-ல் மேக்கன் நகர அரங்கில் இறுதிச் சடங்கு. 4,500 பேர் திரண்டார்கள். புக்கர் டி. ஆர்கன் வாசித்தார். இரங்கல் உரை நிகழ்த்தியவர் ஜெர்ரி வெக்ஸ்லர். ஸ்டூவர்ட்டும் வெக்ஸ்லரும் அன்று ஒரே துக்கத்தில் நின்றார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

★

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலையும் முன்பே நியூயார்க்கிலிருந்து தகவல் வந்தது. ஓடிஸின் பாட்டு ஒன்று உடனே வேண்டும்.

க்ராப்பர் தனியே உட்கார்ந்தார். டேப்பைச் சுழல விட்டால் செத்துப்போனவர் சிரிக்கிறார், கடல்காகம்போல் கத்துகிறார். அந்தக் கத்தலிலிருந்தே அவருக்கு யோசனை பிறந்தது. விளம்பரப் பாட்டு தயாரிக்கும் உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் ஒலிக்களஞ்சியத்திலிருந்து அலையோசையும் கடல்காகக் குரலும் வாங்கிவந்து பாட்டுக்கு அடியில் சேர்த்தார். தன் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுதான் என்று அவர் பிற்பாடு பலமுறை சொன்னார்.

'சிட்டின் ஆன் த டாக் ஆஃப் த பே' 1968 ஜனவரி 8 அன்று வெளிவந்தது. மார்ச் நடுவில் அமெரிக்காவின் முதலிடத்துக்கு ஏறி நான்கு வாரம் அங்கேயே நின்றது. பாடியவர் இறந்தபின் ஒரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை.

உயிரோடு இருந்த காலம் முழுக்க ஓடிஸ் எட்டாத இடம் அது. ஸ்டாக்ஸின் அதுவரையிலான வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி.

அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

★

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1960 முதல் ஐந்து வருடம் ஸ்டாக்ஸும் அட்லான்டிக்கும் வாய்வார்த்தையிலேயே ஓடின. வெக்ஸ்லர் கேட்டால் பாட்டு போகும், பணம் வரும். தன்னிடம் ஒப்பந்தமாகியிருந்த சாம் அண்ட் டேவ் ஜோடியை மெம்ஃபிஸுக்கு அனுப்பி, இங்கே பதிந்து ஸ்டாக்ஸ் பெயரிலேயே வெளியிட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டவர் அவர். ஸ்டூவர்ட்டுக்கு அவர் வியாபாரக் கூட்டாளி என்பதைவிட அண்ணன்போல.

1965-ல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள ஸ்டூவர்ட்தான் விரும்பினார். அதற்கான காரணம் நம்பிக்கைக் குறைவு அல்ல என்பதுதான் இதில் நெஞ்சைப் பிசைவது. அட்லான்டிக்கை யாராவது வாங்கிவிடுவார்கள் என்று காற்றுவாக்கில் பேச்சு அடிபட்டது. வெக்ஸ்லர் இல்லாத அட்லான்டிக்கில் நமக்கு என்ன வேலை என்று ஸ்டூவர்ட் நினைத்தார். வெக்ஸ்லர் கம்பெனியில் தன் பங்கை விற்றால் ஸ்டாக்ஸ் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து கேட்டார். கொடுத்தார்கள். அந்த ஒரு ஷரத்து இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மற்றப் பக்கங்களை அவர் படிக்கவில்லை. வக்கீலிடம் காட்டவுமில்லை.

வங்கியில் வேலை பார்த்த மனிதர். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஊராருக்குச் சொல்லும் இடத்தில் இருந்தவர். அவரா இப்படி என்று முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தொடருக்காக அவர் கதையை முதலிலிருந்து பின்தொடர்ந்த பிறகு அந்தக் கோபம் இல்லை. கறுப்பர் வெள்ளையர் பேதம் பார்க்காமல் கதவைத் திறந்துவைத்து, யார் வந்து பாடினாலும் கேட்டு, ஆளின் முகத்தைப் பார்த்தே ஐந்து வருடம் கம்பெனி நடத்தியவர். அந்தப் பழக்கம்தான் ஓடிஸைக் கண்டெடுத்தது. அதே பழக்கம்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் விட்டது.

1967-ன் கடைசி மாதங்களில் அட்லான்டிக், வார்னர் பிரதர்ஸ்–செவன் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு விலைபோனது. விலை ஏறத்தாழ 1.75 கோடி டாலர். வெக்ஸ்லரின் பங்கும் அதில் போனது. ஸ்டூவர்ட் கேட்டு வாங்கிய ஷரத்து உயிர்பெற்றது.

புதிய முதலாளிகளோடு தொடரலாமா என்று ஸ்டூவர்ட் பேசிப் பார்த்தார். அவர்கள் சொன்ன தொகை அவமானப்படுத்துவதாக இருந்தது. சரி, விலகுகிறோம், எங்கள் மாஸ்டர் டேப்புகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

மாஸ்டர் டேப் என்பதுதான் ஒரு பாட்டுக் கம்பெனியின் நிலம். கடையில் விற்கும் இசைத்தட்டு அந்த நிலத்தின் விளைச்சல். நிலம் கையில் இருந்தால் எத்தனை போகம் வேண்டுமானாலும் விளைவிக்கலாம். இத்தனை வருடமும் நிலம் நம்முடையது, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிதான் அட்லான்டிக் என்று ஸ்டூவர்ட் நினைத்திருந்தார்.

அலமாரியிலிருந்து ஒப்பந்தம் வெளியே வந்தது. இப்போதுதான் எல்லாப் பக்கங்களையும் படித்தார்கள்.

அதில் இருந்தது கிரயம். அட்லான்டிக் விநியோகித்த பதிவுகள் ஒவ்வொன்றையும், அவற்றின் மீதான முழு உரிமையையும், எக்காலத்துக்கும், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஸ்டாக்ஸ் எழுதிக் கொடுத்திருந்தது.

'கிரீன் ஆனியன்ஸ்' போனது. 'நாக் ஆன் வுட்' போனது. 'சோல் மேன்' போனது. 'டாக் ஆஃப் த பே' போனது. அக்கா வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கருவியில் தொடங்கி, சரிந்த தரையில் நின்று எட்டு வருடம் வாசித்ததெல்லாம் நியூயார்க்கில் இருந்தது. சாம் அண்ட் டேவ் அட்லான்டிக்குக்கே திரும்பிப் போனார்கள். ஓடிஸ் விட்டுப்போன பாட்டுகள் அட்லான்டிக் குடும்பத்தின் ஆட்கோ பெயரில் வரத் தொடங்கின.

பதிவுகளை எழுதி வாங்கிய அந்த ஷரத்து வக்கீல்கள் எழுதியது, தனக்கே தெரியாது என்று வெக்ஸ்லர் பிற்காலத்தில் சொன்னார். திருப்பிக் கொடுக்கும்படி புதிய முதலாளிகளிடம் கேட்டதாகவும், அவர்கள் மறுத்ததாகவும் சொன்னார். ஓடிஸின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பேசிய மனிதரின் வார்த்தையை நான் பொய் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பத்திரம் அட்லான்டிக்கின் அலுவலகத்தில் எழுதப்பட்டது. அதனால் ஆதாயம் அடைந்ததும் அதே அலுவலகம்தான். ஜிம் ஸ்டூவர்ட்டின் வெகுளித்தனத்தை மட்டும் பேசி இந்தக் கணக்கை முடிப்பது நியாயமாகாது.

★

இந்தப் பேரம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் மெம்ஃபிஸ் நகரமே கொதித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கி நின்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்களைக் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரம் இழுத்துக் கொன்றது. 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணை நிற்க மார்ட்டின் லூதர் கிங் வந்தார். தங்கியது லொரேன் மோட்டல்.

லொரேன் மோட்டல் ஸ்டாக்ஸ்காரர்களுக்கு இரண்டாவது வீடு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட அங்கே இடம் உண்டு. கோடைப் புழுக்கத்தில் நீச்சல் குளம் உண்டு. 'நாக் ஆன் வுட்' பாட்டை எட்டி ஃபிளாய்டும் க்ராப்பரும் எழுதியது அதன் அறை ஒன்றில்தான்.

ஏப்ரல் 4, மாலை 6 மணி 1 நிமிடம். லொரேன் மோட்டலின் மாடி முகப்பில் நின்ற கிங் சுடப்பட்டார்.

நகரில் கடைகள் எரிந்தன. ஊரடங்கு வந்தது. மெக்லமோர் தெருக் கொட்டகைக்கு யாரும் தீ வைக்கவில்லை. அது தங்களுடையது என்று அந்தப் பேட்டை நினைத்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குள் ஏதோ அறுந்துபோனது. ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் நிறத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். முன்போல இருக்கவே இல்லை என்று புக்கர் டி. பின்னாளில் சொன்னார்.

ஐந்து மாதத்துக்குள் ஓடிஸ் இல்லை, பார்-கேஸ் இல்லை, பழைய பாட்டு ஒன்றுகூடச் சொந்தமில்லை. மே மாதத்தோடு அட்லான்டிக் உறவு முடிந்தது. அதே மாதம் பாரமவுண்ட் சினிமாக் கம்பெனியின் முதலாளிகளான கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கு ஸ்டூவர்ட் ஸ்டாக்ஸை விற்றார். நிர்வாகம் மட்டும் மெம்ஃபிஸில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நெடிய மனிதர் முன்னால் வருகிறார். ஆல் பெல். வானொலி அறிவிப்பாளராக இருந்தவர், இளவயதில் கிங்கின் இயக்கத்தில் பயிற்சி பெற்றவர், 1965 முதல் ஸ்டாக்ஸின் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர். கறுப்பர் நடத்தும் பெரிய கம்பெனி ஒன்று இங்கிருந்தே எழ வேண்டும் என்று நம்பியவர்.

கடையில் சரக்கு இல்லை என்றால் புதுச்சரக்கால் கடையை நிரப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. ஓரிரண்டு ஆல்பம் போதாது. எட்டு வருடத்தில் சேர்த்ததை ஒரே வருடத்துக்குள் ஈடுகட்டும் அளவுக்கு, ஒரே சமயத்தில் 27 ஆல்பம்.

27 ஆல்பத்துக்கு ஆள் வேண்டும். சாம் அண்ட் டேவுக்கு எழுதிக் குவித்த ஜோடியில் ஒருவர், மொட்டைத் தலை, ஆழமான குரல், பெரும்பாலும் பியானோவுக்குப் பின்னால் அடுத்தவருக்காகவே உட்கார்ந்திருந்தவர். தன் பெயரில் போட்ட ஒரே ஆல்பம் விற்காமல் தூசி படிந்தது. பெல்லின் பார்வை அந்த ஐசக் ஹேஸ் மேல் விழுந்தது.

ஆனால் லொரேன் மோட்டல் மாலைக்குப் பிறகு ஹேஸ் எழுதுவதை நிறுத்தியிருந்தார். மனம் கசந்து, பாட்டின் பக்கம் போகவே முடியாமல் கிடந்தார்.

அவரை மறுபடி பியானோ முன் உட்கார வைக்க ஆல் பெல் என்ன கொடுத்தார்?

(தொடரும்)